மரியாதை யாருக்கு?

சென்ற மாதம் ஒரு வழக்கின் பொருட்டுத் திண்டிவனம் சென்றிருந்தோம். வேலை முடிந்த பின் மரக்காணம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கித் திரும்புகையில், கூனிமேட்டில் தேநீர் அருந்துவதற்காக வண்டியை நிறுத்தினோம். சிறிய ஊர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலீஷ் கம்பெனியார் அங்கே ஒரு பண்டகசாலை வைத்திருந்து பின்னர் கைவிட்டுப் போயினர். கம்பெனி போய்விட்டது, ஊர் இருக்கிறது. கிழக்கே கடலும் மீனவர் குப்பமும். வடக்கே மரக்காணத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஏக்கரில் உப்பளங்கள். வெயில் ஏறிய வேளையில் அவ்வழியே செல்பவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் செல்ல வேண்டும். வெள்ளை வெளேரென்ற அந்தக் கூசலில் நாள் முழுவதும் நிற்பவர்களைப் பற்றி அவன் அதிகமாக நினைப்பதில்லை.

நாம் நின்ற இடத்திற்குச் சற்றுத் தள்ளி, எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மூதாட்டி கல்லுப்பைப் பைகளில் கட்டி விற்றுக்கொண்டிருந்தார். அவர் பாதங்களின் வெடிப்பைப் பார்த்தாலே, உப்பை விற்பவர் மட்டுமல்லர், ஆயுள் முழுவதும் பாத்தியில் நின்றவர் என்பது விளங்கும். அச்சமயம் ஒரு மோட்டார் வண்டி வந்து நின்றது. அதிலிருந்து குதித்த ஆறு வயதுச் சிறுவன் ஒருவன், "ஏய் கிழவி, ஒரு பை எடு" என்று கூவினான். "இதோ தம்பி, கொண்டாரேங்க" என்று எழுந்தார் அந்த அம்மாள். தந்தையார் சிரித்தார். கோபமில்லை, வெட்கமுமில்லை, பிள்ளையின் சாமர்த்தியத்தைக் கண்டு மகிழ்ந்த சிரிப்பு அது. பிறகு அவர் நம்மை அடையாளங் கண்டுகொண்டு அருகில் வந்தார். புத்திரனை முன்னே தள்ளி, "ஐயாவுக்கு வணக்கம் சொல்லு; பெரியவங்களைக் கண்டா எப்படி நிக்கணும்னு சொல்லிக் கொடுத்திருக்கேன் இல்ல?" என்றார். பையன் உடனே கைகூப்பி நின்று, "வணக்கம் ஐயா" என்றான். மிக அழகாகவே சொன்னான். "பிள்ளைக்கு மரியாதை தெரியும்" என்று தந்தையார் பெருமை கொண்டார்.

நமக்கு வயது நாற்பத்தைந்து. அந்த மூதாட்டிக்கு எழுபது.

பையன்மீது நாம் குறை சொல்லவில்லை. தனக்குக் கற்பிக்கப்பட்டதை அவன் பிழையறக் கற்றிருக்கிறான். பெரியவர் என்றால் வயதில் பெரியவர் அல்லர், வேட்டியின் வெண்மையில் பெரியவர். மரியாதை என்பது கைகூப்பத் தெரிந்திருப்பது மட்டுமன்று, யாரிடம் கைகூப்ப வேண்டியதில்லை என்பதையும் தெரிந்திருப்பது. இவ்விரண்டு பாடங்களையும் ஆறு வயதிற்குள் அவன் முடித்துவிட்டான். யாரும் அவனை உட்கார வைத்து இரண்டாம் பாடத்தைச் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளை அவன் தாய் எப்படி அழைக்கிறாள், குப்பை வாங்க வருகிறவரை அவன் தந்தை எப்படி விரட்டுகிறார், வண்டி ஓட்டுகிற, தன் தந்தையினும் மூத்த மனிதரை எல்லோரும் எந்த விகுதியில் ஏவுகிறார்கள் என்பவற்றைக் கேட்டுக்கொண்டே இருந்தான், அதுவே போதும். வாய்ப்பாடாவது பலமுறை ஒப்பித்தால்தான் மனத்தில் நிற்கும். இந்தப் பாடத்திற்கு அவ்வளவு சிரமம் வேண்டியதில்லை.

தமிழில் இந்த விஷயம் மற்றப் பாஷைகளைக் காட்டிலும் கூர்மையானது. இங்கிலீஷ்காரனுக்கு அரசனும் ஆண்டியும் ஒரே முன்னிலைச் சொல்தான். நமக்கோ 'நீ' உண்டு, 'நீர்' உண்டு, 'நீங்கள்' உண்டு. 'வா' உண்டு, 'வாரும்' உண்டு, 'வாருங்கள்' உண்டு. போதாதென்று 'அடா', 'அடி', 'ஏய்', 'யோவ்' என்று ஒரு பட்டாளமே உண்டு. வாயைத் திறந்தால் ஏதாவதொரு படியில் எதிரிலிருப்பவரை நிறுத்தியே ஆகவேண்டும். நிறுத்தாமல் ஒரு வாக்கியமும் பேச முடியாது. ஒருவரைப் பன்மையால் உயர்த்திச் சொல்வது உலக வழக்கேயன்றி இலக்கண நெறியன்று என்று தொல்காப்பியர் அந்தக் காலத்திலேயே குறித்து வைத்தார். வழக்கு என்றால் மனிதர் ஏற்படுத்தியது. மனிதர் ஏற்படுத்தியதை மனிதர் திருத்தலாம்.

'நீ' என்பதே இழிசொல் என்று நாம் சொல்ல வரவில்லை. பெற்ற தாயை 'நீ' என்கிறோம். கோயிலில் நின்று தெய்வத்தையும் 'நீ' என்றே அழைக்கிறோம். அன்பின் மிகுதியால் ஒருமை வருவது வேறு. அலட்சியத்தின் மிகுதியால் வருவது வேறு. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு நன்றாகத் தெரியும். தன் பாட்டியை 'நீ' என்று கொஞ்சும் குழந்தை, உப்பு விற்கும் பாட்டியை 'ஏய்' என்று அதட்டும்பொழுது, சொல் ஒன்றானாலும் குரல் வேறாவதைக் கவனிக்காதவர் உண்டோ?

நமது தொழிலையும் இங்கே விட்டுவிடலாகாது. கறுப்பங்கி தரித்த நாம் நியாயாதிபதியை நோக்கி 'மை லார்ட்' என்று குழைகிறோம். அவ்வழைப்பு கட்டாயமன்று, வேறு சொற்களால் அழைக்கலாம் என்று இந்திய வக்கீல் கவுன்சில் 2006-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டிவிட்டது. இருந்தும் பலருடைய நாக்கு திரும்பவில்லை. அதே நாக்கு நீதிமன்ற வராந்தாவுக்கு வந்தவுடன், பணங்கொடுத்து நம்மை வைத்த கட்சிக்காரக் குடியானவரை 'யோவ், இங்கே வாய்யா' என்று அழைக்கிறது. இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டு குமாஸ்தாவின் மகன் பக்கத்தில் நிற்கிறான். ஆகையால் கூனிமேட்டுக் கனவானைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் மட்டும் சாட்சிக் கூண்டில் நின்றுகொள்ள முடியாது.

மேலிருப்போரிடம் பணிவும் கீழிருப்போரிடம் அதட்டலுமாகப் பிள்ளைகளை வளர்ப்பது ஏதோ சிறிய நாகரிகக் குறைவு என்று சிலர் நினைக்கலாம். அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு நமது மாகாணத்துச் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. அந்தச் சரித்திரத்தின் ஒரு நூல் இந்தக் கடற்கரைக்கு அருகிலேயே தொடங்குகிறது.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் நேயர்களுக்குத் தெரிந்த பெயர். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்த ராமசாமி ரெட்டியார் அவ்வூரார். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பு, வ. வே. ஸு. ஐயர் சேரன்மாதேவியில் ஒரு தமிழ்க் குருகுலம் ஏற்படுத்தினார். தேசீயக் கல்வி, தாய்மொழி, உடலுழைப்பு, தேசபக்தி யாவும் ஒருங்கே பயிற்றுவிப்பது நோக்கம். ஜாதி பேதமின்றி நன்கொடை குவிந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் அளிக்க ஒப்பி, அதில் ஐயாயிரத்தைக் கொடுத்தும்விட்டது. அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனியே உணவு பரிமாறப்படுவதாக 1924-ஆம் ஆண்டு வாக்கில் செய்தி வெளிவந்தது. ஓமந்தூராரின் மகன் அங்கே மாணவனாக இருந்ததாகவும், பிராமணப் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த தண்ணீரை அவன் அருந்தியதற்காகத் தண்டிக்கப்பட்டதாகவும், அவன் தந்தையிடம் சொன்னதிலிருந்தே கிளர்ச்சி மூண்டதாகவும் அக்காலத்தைப் பற்றி எழுதியோர் பலர் சொல்லுகிறார்கள். டாக்டர் வரதராஜுலு நாயுடு தமது 'தமிழ்நாடு' பத்திரிகையில் போர் தொடுத்தார். ஈ. வெ. ராமசாமி நாயக்கர் உடன் நின்றார்.

ஐயருக்கு நியாயம் செய்ய வேண்டும். அவர் தம்மளவில் உணவில் ஜாதி பார்த்தவரல்லர். பெற்றோர் விரும்பிக் கேட்டுக்கொண்டதற்காக அந்த இரண்டு சிறுவர்கள் விஷயத்தில் இணங்கினேன் என்பதே அவர் சமாதானம். காந்தியடிகளிடம் விஷயம் போயிற்று. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பிள்ளைகளின் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றலாம், இனிமேல் சேருவோர் எல்லோரோடும் உண்ண இசைந்தாலே சேர்க்கலாம் என்பது அவர் சொன்ன வழி. வக்கீலின் கண்ணுக்கு அது கண்ணியமான ராஜியாகவே தோன்றும். ஆனால் அந்த ராஜியில் ஒரு கட்சி விட்டுப்போயிற்று. தனியே உண்ட சிறுவரின் பெற்றோருக்கு உணர்ச்சி உண்டு என்பதை எல்லோரும் யோசித்தனர். பொதுப் பந்தியில் உட்கார்ந்து, அடுத்த அறையில் வேறு இலை போடப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றப் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு இலைகளும் என்ன பாடம் சொல்லிக்கொண்டிருந்தன என்பதை யோசித்தவர் சிலரே. பகலில் வகுப்பறையில் கற்பித்த தேசபக்தியை நடுப்பகலில் சாப்பாட்டறை அழித்துக்கொண்டிருந்தது.

1925 ஏப்ரலில் காங்கிரஸ் கமிட்டி கூடி, தேசீய வாழ்வில் பிறப்பினால் ஏற்றத்தாழ்வு பாராட்டலாகாது என்று தீர்மானம் செய்தது. அதனால் சிலர் ராஜீநாமா செய்தனர். ஐயர் குருகுலப் பொறுப்பினின்று விலகினார். ஜூன் மாதம் பாபநாசத்து அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து உயிர்நீத்தார். குருகுலம் நிலைக்கவில்லை. தமிழ்நாட்டு அரசியல் இரண்டாகப் பிளந்தது. அந்தப் பிளவின் பயனை இன்றும் நாம் அனுபவித்து வருகிறோம். ஒரு சிறுவன் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததிலிருந்து இவ்வளவும் வந்தது என்று சொன்னால் சரித்திராசிரியர்கள் சிரிப்பார்கள். காரணங்கள் பல என்பதை நாமும் அறிவோம். ஆயினும் அவன் தந்தை மாகாணத்துக்கே பிரதமரானபோது, 1947-இல் கோயில்களை எல்லோருக்கும் திறந்துவிடும் சட்டம் அந்த மந்திரிசபையின் காலத்திலேயே நிறைவேறிற்று என்பதை நாம் மறப்பதற்கில்லை.

அது பழங்கதை என்பீர்களோ? 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டத்து வேலஞ்செட்டியூரில், அரசாங்கத்தின் காலை உணவைச் சமைப்பவர் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண் என்பதற்காகத் தம் பிள்ளைகளை உண்ணவிடாமல் தடுத்தனர் சில பெற்றோர். மாவட்டக் கலெக்டர் நேரில் போய், அதே உணவைத் தாமும் உட்கார்ந்து உண்டு, சட்டத்தையும் எடுத்துச் சொல்லவேண்டி வந்தது. சேரன்மாதேவிக்கும் இதற்கும் இடையே ஏறக்குறைய நூறு ஆண்டுகள். அந்தப் பிள்ளைகள் தட்டைத் தள்ளியது தங்கள் யோசனையினாலா?

தென்காசி மாவட்டத்துப் பாஞ்சாகுளத்தில் 2022 செப்டம்பரில் நடந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பெட்டிக்கடைக்குத் தின்பண்டம் வாங்க வந்த சிறு பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்கு இனிமேல் கொடுக்கமாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொல்லி, அதைத் தாமே படம் பிடித்துப் பரப்பவும் செய்தார்கள். கைது நடந்தது, குற்றஞ்சாட்டப்பட்டோர் ஆறு மாத காலம் ஊருக்குள் வரலாகாதென்று நீதிமன்றம் தடையும் விதித்தது. சட்டம் தன் கடமையைச் செய்தது, சந்தோஷம். ஆனால் அந்தப் படத்தில் நம்மை வாட்டியது கடைக்காரரின் கொடுமை அன்று. கேட்ட குழந்தைகளின் முகம். கட்டுப்பாடு என்றால் என்ன என்று அவர்களுக்கு விளங்கவில்லை. அவர்கள் வயதே உள்ள வேறு குழந்தைகள், அதே கடையில் அதே பண்டத்தை வாங்கித் தின்றுகொண்டு, அதே நேரத்தில் மற்றொரு பாடத்தைக் கற்றிருப்பார்கள்.

மறு வருஷம் ஆகஸ்டில் நாங்குநேரி. பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை அவன் வீட்டிற்கே இரவில் சென்று, அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள் அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த அவன் தங்கையும் வெட்டுண்டாள். அதன் பின்னர் அரசாங்கத்தார் ஓய்வுபெற்ற நியாயாதிபதி சந்துரு அவர்களைக் கொண்டு ஒரு நபர் குழுவை நியமித்தனர். 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். பள்ளிகளின் பெயரில் ஜாதி கூடாது, மாணவர்கள் ஜாதியைக் காட்டும் வர்ணக் கயிறுகளைக் கட்டலாகாது என்பன அவர் கூறியவற்றுள் சில. நல்ல சிபார்சுகளே. ஆனால் கையிலிருக்கும் கயிற்றை உபாத்தியாயர் அவிழ்க்கலாம். நாக்கில் கட்டிய கயிற்றை யார் அவிழ்ப்பது? அரிவாள் எடுத்தவன் அன்றைக்குத்தான் அவமதிப்பு என்பதைக் கற்றான் என்று நாம் நம்பவில்லை. 'ஏய்' என்று கூவக் கற்ற பிள்ளைகள் எல்லோரும் அரிவாள் எடுக்கிறார்கள் என்றும் நாம் சொல்லவில்லை. இந்தப் படிகளுக்கு நடுவே எத்தனையோ படிகள் இருக்கின்றன. பெரும்பாலோர் கீழே இறங்காமலே நின்றுவிடுகிறார்கள். ஆயினும் அது ஒரே ஏணி. மரக்காணத்தார்க்கு இதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2013 ஏப்ரலில் அங்கே வீடுகள் எரிந்ததைக் கண்டவர்கள் அவர்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு நமது நண்பர் ஒருவர், "எல்லோரும் சமம் என்று பிள்ளைகளிடம் சொல்லிக் கொடுத்தால், நாளைக்குத் தகப்பனையும் வாத்தியாரையும் மதிக்கமாட்டார்கள், இப்போதே மதிப்பதில்லை" என்றார். பலருடைய மனத்திலும் இந்தப் பயம் இருக்கிறது. ஆகையால் அலட்சியம் செய்வதற்கில்லை. நாம் திருப்பிக் கேட்பது இதுதான்: இப்போது பிள்ளைகள் காட்டுவது மதிப்பா, பயமா? பிரம்பு இருந்தவரையில் எழுந்து நின்றார்கள். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் அதன் பதினேழாம் பிரிவினால் உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துதலையும் தடுத்தது. பிரம்பு போனவுடன் எழுந்து நிற்பதும் போயிற்று என்று உபாத்தியாயர்கள் புகார் சொல்லுகிறார்கள். அப்படியானால் அவர்கள் நின்றது பிரம்புக்குத்தானே? மேலே உள்ளவரைக் கண்டு அஞ்சக் கற்ற பிள்ளை, அவர் மேலே இல்லாமற் போகும் நாளில் அவரையும் 'ஏய்' என்றுதான் அழைப்பான். பென்ஷன் வாங்கி வீட்டுத் திண்ணைக்கு வந்த பிறகு எத்தனை தந்தைமார் இதை அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள்! உப்புக்காரப் பாட்டியை மதிக்கக் கற்ற பிள்ளையோ தகப்பனை மதிக்கத் தனிப் பாடம் வேண்டாதவன்.

மற்றொன்று. குழந்தைக்கு மரியாதை கற்பிக்க விரும்புவோர் குழந்தைக்கு மரியாதை காட்டுகிறார்களா? கேள்வி கேட்டால் 'அதிகப்பிரசங்கி' என்கிறோம். நான்கு பேர் முன்னிலையில் அவன் மதிப்பெண்ணைச் சொல்லிச் சிரிக்கிறோம். சில பள்ளிகளில் இன்றும் பிள்ளைகளைப் பெயரால் அழைக்காமல் தகப்பன் தொழிலாலோ தெருவின் பெயராலோ அழைக்கும் வழக்கம் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். தனக்குக் கிடைத்திராத ஒன்றை ஒரு குழந்தை எங்கிருந்து எடுத்து மற்றவர்க்குக் கொடுக்கும்? "தவறு என்னுடையது, மன்னித்துக்கொள்" என்று தகப்பன் வாயிலிருந்து ஒரு முறை கேட்ட பிள்ளைக்கு நூறு நீதிக் கதைகள் வேண்டாம். நம் வீட்டில் இதைச் செய்து பார்த்தோம். முதல் தடவை நாக்கு எழவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

உப்பளக் கரையிலுள்ள பள்ளிகள் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. 1930-இல் ராஜகோபாலாச்சாரியார் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்து சென்று உப்பு எடுத்ததையும், காந்தியடிகள் தண்டியில் குனிந்து ஒரு பிடி உப்பு அள்ளியதையும் பிள்ளைகள் புத்தகத்தில் படிக்கிறார்கள், பரீட்சையில் எழுதுகிறார்கள். தங்கள் ஜன்னலுக்கு வெளியே, வருஷத்தில் பல மாதம், தினமும் குனிந்து உப்பு அள்ளுகிறவர்களைப் பற்றி ஒரு வரியும் எழுதச் சொல்லி யாரும் கேட்பதில்லை. கழிமுகத்து உவர் நீரை ஒரு பாத்தியிலிருந்து மற்றொரு பாத்திக்கு எப்படி ஏற்றுகிறார்கள், எந்தப் பதத்தில் உப்பு விளையும், ஓர் எதிர்பாராத மழை எத்தனை நாள் உழைப்பை ஓர் இரவில் கரைத்துவிடும் என்பன ரஸாயனமும் பூகோளமும் பொருளாதாரமும் கலந்த பாடம். 2024 நவம்பர் இறுதியில் பெஞ்ஜல் புயல் இந்தக் கரையைத் தாக்கியபோது பாத்திகள் ஏரியாகிக் கிடந்ததைப் பிள்ளைகளே கண்டிருக்கிறார்கள். இந்தப் பாடத்தை நடத்தத் தகுந்தவர் பட்டதாரி அல்லர், பாத்தியில் நாற்பது வருஷம் நின்றவர். அவரைத் தலைமை ஆசிரியர் பள்ளிக்கு அழைக்கட்டும். வாசலில் எதிர்கொண்டு, நாற்காலி போட்டு, 'வாருங்கள் ஐயா' என்று ஆசிரியர் வாயால் பிள்ளைகள் கேட்கட்டும். பிள்ளைகளும் அவரை அப்படியே அழைத்துச் சந்தேகம் கேட்கட்டும். அந்த வகுப்பில் உப்பளத் தொழிலாளியின் பேரனும் ஒருவன் உட்கார்ந்திருப்பான் அல்லவா? தன் பாட்டனாரை ஆசிரியர் எழுந்து நின்று வரவேற்றதை அவன் ஆயுளில் மறக்கமாட்டான். பக்கத்தில் உட்கார்ந்த கடைக்காரர் மகனும் மறக்கமாட்டான். நாற்காலி போடுவது சிறிய காரியமல்ல என்பதற்குக் கடலூர் மாவட்டத்துத் தெற்குத்திட்டை சாட்சி. 2020-இல் அங்கே ஜனங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பஞ்சாயத்துத் தலைவியையே, மற்ற அங்கத்தினர் நாற்காலியில் இருக்க, தரையில் உட்கார வைத்தார்கள்.

இதற்கு அரசாங்க உத்தரவு வேண்டியதில்லை, பணச் செலவும் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் அங்கத்தினர்களாக இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் ஒருவர் எழுந்து பிரேரணை செய்தால் போதும். மரக்காணத்திலும் கூனிமேட்டிலும் நமது பத்திரிகையை வாசிக்கும் தேசத் தொண்டர்கள் இருக்கிறார்கள். மேடையில் ஏறிச் சமத்துவம் பேசுவதில் அவர்களுக்குக் குறைவில்லை என்பதை நாம் அறிவோம். மேடையிலிருந்து இறங்கி, சோடா கொண்டுவந்த பையனை எப்படி அழைக்கிறார்கள் என்பதை அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள்.

அந்த மோட்டார் வண்டிக் கனவான் நமது சந்தாதாரர் என்று அன்று பேச்சினிடையே சொன்னார். ஆகையால் இதை அவர் வாசிப்பார். கோபித்துச் சந்தாவை நிறுத்தினாலும் நிறுத்தட்டும். அன்று அவரெதிரில் சொல்லத் துணியாமல், அவர் மகனுடைய வணக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வண்டியேறிய குற்றம் நம்முடையது. அதற்குப் பரிகாரமாகவே இவ்வளவும் எழுதினோம். மழை தொடங்கும் வரையில் அந்த அம்மாள் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பார் என்று தேநீர்க் கடைக்காரர் சொன்னார். கனவான் மறுபடி அவ்வழியே போகும்பொழுது, பையனையும் உடன் அழைத்துக்கொண்டு, தாமே முதலில் இறங்கி, "அம்மா, ஒரு பை கொடுங்கள்" என்று கேட்பாராக.